தனிமத்தின் பெயரும் சேர்மத்தின் எடையும்

கூட்டுறவு உரக்கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் சில சாக்குகளின்மேல் 20-20-0-13 என்று நான்கு எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அம்மோனியம் பாஸ்பேட் சல்பேட் எனப்படும் இவ்வுரம் நாடெங்கும் விற்பனையாவது. நூறு கிலோ உரத்தில் நைட்ரஜன் 20 கிலோ, பாஸ்பரஸ் 20 கிலோ, பொட்டாசியம் இல்லை, கந்தகம் 13 கிலோ என்று இவ்வெண்களுக்குப் பொருள் கொள்வது வாங்குவோர்க்கு இயல்பே. ஆனால் இரண்டாவது எண்ணைப் பொறுத்தமட்டில் இப்பொருள் பிழையானது. அவ்வுரத்தில் உள்ள பாஸ்பரஸ் நூற்றுக்கு இருபது அன்று. ஒன்பதிற்கும் சற்றுக் குறைவு.

சாக்கில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த முறைப்படியே அவ்வெண்கள் அச்சிடப்படுகின்றன. அம்முறையில் நைட்ரஜனும் கந்தகமும் தனிமங்களாகவே எடையிடப்படுகின்றன. பாஸ்பரஸோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்னும் சேர்மமாகவும், பொட்டாசியம் அதன் ஆக்சைடாகவும் கணக்கிடப்படுகின்றன. எனவே ஒரே வரியில் நிற்கும் நான்கு எண்களுள் முதலும் ஈறும் ஒரு கணக்கு. நடுவில் உள்ள இரண்டும் வேறு கணக்கு. இதனை அறிவிக்கும் குறிப்பு சாக்கின் ஓரத்தில் சிற்றெழுத்துகளில் இருக்கும். அதுவும் ரசாயனக் குறியீடாக இருக்குமேயன்றி, உழவர் படிக்கும் மொழியில் இராது.

இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. எந்தச் சேர்மத்தின் பெயரால் கணக்குச் சொல்லப்படுகிறதோ, அந்தச் சேர்மம் சாக்கினுள் அறவே இல்லை. பாஸ்பரஸ் பென்டாக்சைடு நீரைக் கண்டால் சீறும் இயல்புடையது. கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். அதனை யாரும் வயலில் தூவுவதில்லை. சாக்கில் இருப்பவை அம்மோனியம் பாஸ்பேட்டும் அம்மோனியம் சல்பேட்டுமே. அவ்வாறே, பொட்டாஷ் உரத்தின் சாக்கில் 60 என்று எழுதப்பட்டிருப்பினும் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஆக்சைடு அன்று, பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள பொட்டாசியம் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. முன்னாளில் ரசாயன அறிஞர்கள் பயிரையும் மண்ணையும் பகுத்தாய்ந்தபோது, பொருளை எரித்துச் சாம்பலாக்கி, அச்சாம்பலில் கண்ட தனிமங்களை ஆக்சைடுகளாக எடையிட்டுக் கூறும் வழக்கத்தை மேற்கொண்டனர். சாம்பல் அறிவியலைவிட்டு அகன்று நெடுநாள் ஆயிற்று. அதன் கணக்கு மட்டும் சாக்கில் நின்றுவிட்டது.

தனிமம் யாது, சேர்மம் யாது என்பதனைப் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிற்குள்ளாகவே மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஒரே வகை அணுக்களால் ஆகி, ரசாயன முறைகளால் வேறு எளிய பொருள்களாகப் பிரிக்க இயலாதது தனிமம். இரண்டு அல்லது அவற்றிற்கு மேற்பட்ட தனிமங்கள் குறித்த விகிதத்தில் ரசாயன முறையிற் கூடி, தம் இயல்பை இழந்து புதியதோர் இயல்பைப் பெற்று நிற்பது சேர்மம். இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118. சேர்மங்களோ கோடிக்கணக்கில் உள்ளன. இவ்விளக்கம் தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடுகிறது. உரச் சாக்கிலும், மருந்துச் சீட்டிலும், குடிநீர்ச் சோதனை அறிக்கையிலும், தின்பண்டப் பொட்டலத்திலும் அதே வேறுபாடு எண்ணாக வந்து நிற்கும்போது அதனை இனங்காண்பார் மிகச் சிலரே. குறை மாணவர்பால் மட்டும் உள்ளது என்று கூற இயலாது. பொதுமக்களுக்கு எழுதுவோரும் தனிமத்தின் பெயரைச் சொல்லிச் சேர்மத்தின் எடையைத் தருவதையும், சேர்மத்தின் பெயரைச் சொல்லித் தனிமத்தின் எடையைத் தருவதையும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை.

இயல்பு மாறுவது என்பதன் பொருளை உப்பைக் கொண்டு நன்கு உணரலாம். சோடியம் கத்தியால் அரியத்தக்க மென்மையான உலோகம். நீரில் இட்டால் கொதித்தோடும், சில வேளை தீப்பற்றி வெடிக்கும். குளோரின் பசுமஞ்சள் நிறங்கொண்ட நச்சுவாயு; முதல் உலகப்போரில் 1915ஆம் ஆண்டு பெல்ஜிய மண்ணில் படைவீரர்களை மூச்சுத் திணறச் செய்து கொன்றது. இவ்விரண்டும் கூடியதே சோற்றுக்கு இடும் உப்பு. இக்கூட்டில் விகிதம் மாறுவதில்லை. ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியில் விளைந்ததாயினும், குஜராத்தின் கட்சுப் பகுதியிலோ தூத்துக்குடி அளத்திலோ விளைந்ததாயினும், தூய சோடியம் குளோரைடில் நூற்றுக்கு 39.3 பங்கு சோடியம், 60.7 பங்கு குளோரின். ஸ்பெயின் நாட்டில் பணிபுரிந்த பிரெஞ்சு அறிஞர் ஜோசப் புரூஸ்ட், செம்புக் கார்பனேட்டைக் கொண்டு இந்த மாறா விகிதத்தை 1799ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நிலத்தினின்று தோண்டியெடுத்த பொருளிலும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய பொருளிலும் ஒரே விகிதமே அமைந்திருந்தது. கலவைக்கு இவ்விதி பொருந்தாது. இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் எவ்வளவுக்கு எவ்வளவு வேண்டுமாயினும் கலக்கலாம். காந்தம் கொண்டு மீண்டும் பிரிக்கலாம். சூடேற்றி இரும்புச் சல்பைடு ஆக்கிவிட்டபின் காந்தம் பயன்படாது.

இவ்விதியே இக்கட்டுரையின் வழக்கிற்கு அடிப்படை. விகிதம் மாறாதது ஆதலின், சேர்மத்தின் எடை தெரிந்தால் தனிமத்தின் எடையை ஒரே பெருக்கலில் அறியலாம்; தனிமத்தின் எடையிலிருந்து சேர்மத்தின் எடையையும் அறியலாம். எந்த எடை கூறப்படுகிறது என்று மட்டும் தெரிய வேண்டும். அது தெரியாவிடில் நுட்பமான தராசும் பயனற்றது.

தனிமம் எது, சேர்மம் எது என்ற ஐயம் பேரறிஞர்களையும் மயக்கியதுண்டு. 1789ஆம் ஆண்டில் லவாய்சியர் வெளியிட்ட ரசாயன நூலில் 33 எளிய பொருள்களின் பட்டியல் உள்ளது. அதில் பிராணவாயு, ஹைட்ரஜன், கந்தகம், பொன், வெள்ளி ஆகியவற்றோடு சுண்ணாம்பும் மக்னீசியாவும் அலுமினாவும் சிலிக்காவும் இடம்பெற்றன. ஒளியும் வெப்பமுங்கூட இடம்பெற்றன! ஆயினும் அவர் கண்மூடி எழுதியவர் அல்லர். சுண்ணாம்பு முதலிய மண்வகைகள் பிற்காலத்தில் ஆக்சைடுகள் எனத் தெரியவரலாம் என்று அவரே ஐயுற்றார். சோடாவையும் பொட்டாஷையும் சேர்மங்களாக இருக்கக்கூடும் எனக் கருதிப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும், 1808இல் கால்சியத்தையும் பிரித்தெடுத்த பிறகே அவ்வையங்கள் தீர்ந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், கால்சியத்தைச் ‘சுண்ணாம்புச் சத்து’ என்றே தமிழர் வழங்குகின்றனர். இச்சொல்லை ஏளனம் செய்தல் தகாது; மக்களுக்குக் கைக்கெட்டிய பொருளின் பெயர் அது. எனினும், மருந்துச் சீட்டில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருக்குமாயின் அது கால்சியத்தின் எடையா, கால்சியம் கார்பனேட்டின் எடையா என்ற வினாவிற்கு அச்சொல் விடை தாராது. கார்பனேட்டில் கால்சியம் நூற்றுக்கு நாற்பதே. 500 மில்லிகிராம் கார்பனேட்டு எனில் உடலுக்குக் கிடைக்கக்கூடிய கால்சியம் 200 மில்லிகிராம்தான்.

உரத்திற்கு மீள்வோம். வேளாண்மைத் துறையினர் நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரஸை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல் சத்து என்றும் தமிழில் வழங்குகின்றனர். இலையை வளர்ப்பது, மணியைத் திரட்டுவது, சாம்பலிலிருந்து வந்தது எனத் தொழிலையும் தோற்றத்தையும் காட்டும் இச்சொற்கள் அழகியவை. ‘பொட்டாசியம்’ என்னும் அயல்மொழிச் சொல்லும் பானைச் சாம்பல் என்ற பொருளிலேயே பிறந்தது என்பதை நினைக்கும்போது, சாம்பல் சத்து என்ற ஆக்கம் அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமாக அமைந்திருப்பது புலனாகும். நைட்ரஜன் என்ற பெயரைத் தவிர்த்துத் தழைச்சத்து என்றதிலும் ஒரு நன்மை உண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜனே நிறைந்துள்ளது. ஒவ்வொரு ஹெக்டேர் நிலத்தின் மீதும் 70,000 டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் கவிந்துள்ளது. அதனடியில் நிற்கும் நெற்பயிரோ நைட்ரஜன் இன்றி மஞ்சளித்துப் போகும். தனிமமாக நிற்கும் நைட்ரஜனைப் பயிர் உண்ணாது. அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ சேர்ந்திருந்தால்தான் உண்ணும். 1951ஆம் ஆண்டில் சிந்திரியில் பெரும் பொருட்செலவில் உரத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது காற்றில் உள்ளதைப் பயிருக்கேற்ற சேர்மமாக மாற்றுவதற்கேயாம்.

இச்சொற்களில் ஒரு குறையும் உண்டு. மணிச்சத்து என்பது பாஸ்பரஸையா, அதன் ஆக்சைடையா குறிக்கிறது என்பதனை அச்சொல் கூறுவதில்லை. ஒரு பயிருக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்து இடுக என்று பரிந்துரை இருப்பதாகக் கொள்வோம். ஆக்சைடுக் கணக்கெனில் 46 விழுக்காடு கொண்ட டி.ஏ.பி. உரம் ஏறத்தாழ 130 கிலோ போதும். தனிமக் கணக்கெனில் 300 கிலோ வேண்டும். மண்பரிசோதனை அறிக்கை ஒரு கணக்கிலும் பரிந்துரை மற்றொரு கணக்கிலும் அமைந்துவிட்டால், இடைநின்று கணக்கிடுபவர் இருமடங்கிற்கு மேல் தவறுவார். குறைய இட்டால் விளைச்சல் குன்றும். மிக இட்டால் பணம் விரயமாகும். மிகுதி மண்ணில் தங்கியும் மழைநீரோடு ஏரி குளங்களுக்கு ஓடியும் கேடு செய்யும். பொட்டாஷ் உரத்தையும், பாஸ்பேட்டு உரத்திற்கு வேண்டிய பாறையில் பெரும்பகுதியையும் அயல்நாடுகளிலிருந்து வாங்கும் நாட்டில் இத்தவறு தனியொருவரின் நட்டத்தோடு முடிவதன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சத்து அடிப்படையிலான மானியமும் கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று சத்தின் எடையைக் கொண்டே தரப்படுகிறது. அங்கும் நைட்ரஜனும் கந்தகமும் தனிமமாக, மற்றிரண்டும் ஆக்சைடாக!

ஆதலின் ஆக்சைடுக் கணக்கை அறவே ஒழித்துவிடலாமே என்று சிலர் கூறக்கூடும். ஆஸ்திரேலியாவில் உரங்களின் எண்கள் தனிமக் கணக்கிலேயே கூறப்படுகின்றன. அங்கு வேளாண்மை தடுமாறிவிடவில்லை. முறை என்ற அளவில் அதுவே சிறந்தது. ஆயினும் இந்நாட்டில் அதனை ஒரே நாளில் புகுத்துவது விவேகமன்று. நேற்றுவரை 46 என்றிருந்த சாக்கில் இன்று 20 என்று எழுதியிருந்தால் சரக்கில் கலப்படம் என்றே ஊரார் கருதுவர். நெடுங்காலப் பரிந்துரைகள், விலைக் கணக்குகள், உழவரின் மனக்கணக்குகள் யாவும் பழைய எண்களோடு பின்னிக் கிடக்கின்றன. எண்ணை மாற்ற வேண்டியதில்லை; எண்ணின் பொருளை அந்தந்த மாநில மொழியில் எண்ணுக்கு அருகிலேயே எழுதினால் போதும். ‘மணிச்சத்து 46, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது, பாஸ்பரஸாக 20’ என்று அச்சிட ஒரு வரி இடம் போதும். சாக்கில் அவ்வளவு இடம் இல்லாமற் போகவில்லை.

பாமர மக்களுக்கு இந்நுணுக்கங்கள் எதற்கு, எளிதாக எழுதுவதே மக்களுக்கு எழுதும் முறை அன்றோ என்பது அடிக்கடி கேட்கப்படும் வாதம். இவ்வாதம் நல்லெண்ணத்தில் பிறப்பதுதான். ஆனால் எளிமை என்பது வேறு, குறைத்துக் கூறுதல் என்பது வேறு. தங்கத்தில் பத்தரை மாற்றும் செம்புக் கலப்பும் அறிந்து பேரம் பேசும் மக்கள், பாலில் நீர் எவ்வளவு என்று நாவிலேயே அறியும் மக்கள், ஒரு பொருளுக்குள் மற்றொரு பொருள் எவ்வளவு என்ற கணக்கை விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை.

குடிநீர் அறிக்கையில் இப்பிழை உயிரோடு விளையாடும். எருக்குழியும் மலக்குழியும் அருகில் உள்ள கிணறுகளிலும், உரம் மிகுதியாக இடப்படும் வயல்வெளிக் கிணறுகளிலும் நைட்ரேட்டு சேர்வது உண்டு. பெரியவர்கள் ஓரளவு தாங்குவர். அந்நீரில் பால்மாவு கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட்டு நீங்காது; நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இந்தியத் தர நிர்ணயம் நைட்ரேட்டுக்கு வகுத்துள்ள எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். அமெரிக்காவின் எல்லை 10 மில்லிகிராம். அமெரிக்கர் நான்கு மடங்கு கண்டிப்பானவர் என்று இதனைப் படிப்பவர் எண்ணுவார். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இந்தியக் கணக்கு நைட்ரேட்டு முழுமையின் எடை. அமெரிக்கக் கணக்கு அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும். இதனை அறியாதவர் கையில், ‘நைட்ரேட்டு 20, நைட்ரஜனாக’ என்ற அறிக்கை கிடைத்து, கடைசிச் சொல் மொழிபெயர்ப்பிலோ படியெடுப்பிலோ விடுபட்டுப்போனால் என்ன ஆகும்? 45க்குள் தானே என்று கிணற்றுக்கு நற்சான்று வழங்கப்படும். அந்நீரில் உள்ள நைட்ரேட்டோ 88 மில்லிகிராமுக்கு மேல். ‘நைட்ரஜனாக’ என்ற ஒரு சொல்லை மிகையென்று நீக்குபவர் அறிந்து தீங்கு செய்பவர் அல்லர்; வாக்கியம் அழகாக அமையவில்லை என்பதற்காக நீக்குகிறார்.

தின்பண்டப் பொட்டலங்களில் சோடியம் என்று மில்லிகிராமில் எழுதுகிறார்கள். மருத்துவரோ உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 2 கிராம் சோடியத்திற்குக் குறைவாக உண்ணுமாறு கூறுகிறது. உப்பாகச் சொன்னால் அது 5 கிராம். பொட்டலத்தில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை, அதாவது 2 கிராம், கிடைக்கும். இரத்த அழுத்தம் உடையவர் இப்பெருக்கலைக் கற்றுக்கொள்ளும்வரை பொட்டலத்தில் இருக்கும் எண் அவருக்குச் சிறியதாகவே தோன்றும்.

இரும்பு மாத்திரையின் நிலை வேறு. இங்கு அறிவியல் சரியாகவே எழுதியுள்ளது, இடறுவது சொல்லாக்கம். இரத்தசோகைக்குத் தரப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு என்று கூறும்போது, மூல ஆவணங்களில் ‘தனிம இரும்பு’ என்று பொருள்படும் தொடர் வழங்குகிறது. அதனை அப்படியே தமிழில் பெயர்த்தால், மாத்திரையில் இரும்பு தனிமமாக, உலோகத் தூளாக இருக்கிறது என்றே படிப்பவர் கொள்வர். உண்மையில் மாத்திரையில் இருப்பது பெரஸ் சல்பேட்டு போன்ற சேர்மம். ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட பெரஸ் சல்பேட்டெனில் 300 மில்லிகிராம் எடையில் 60 மில்லிகிராம் இரும்பு அடங்கும். குழப்பத்தை மிகுவிப்பதுபோல, சில நாடுகளில் மாவில் மெய்யாகவே உலோக இரும்பின் நுண்தூளைச் சத்திற்காகக் கலப்பதும் உண்டு. அதற்கும் அதே தொடர் வழங்குகிறது. ஆகவே ‘இரும்பாகக் கணக்கிட்டால் 60 மில்லிகிராம்’ என்று பெயர்ப்பதே முறை. இத்தகைய இடங்களில் சொல்லுக்குச் சொல் நிறுத்தலைக் காட்டிலும் பொருளை நிறுத்தலே மொழிபெயர்ப்பாளரின் கடமை. 1961ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் சொற்களை ஒழுங்குசெய்யும் பணியை மேற்கொண்டது. தமிழிலோ தனிமம், சேர்மம் என்று இங்கும், மூலகம், சேர்வை என்று இலங்கையிலும் வழங்குகின்றனர். எச்சொல் வழங்கினும் தீங்கில்லை. சொல்லுக்குள் எந்த எடை அடங்குகிறது என்பதைச் சொல்லாது விடுவதே தீங்கு.

வழி தெரியாமல் இல்லை என்பதற்கு அயோடின் உப்பே சான்று. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956ஆம் ஆண்டு முதல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பால் கண்டமாலைக் கழலையைக் குறைக்கலாம் என்று காட்டியது. அதன் பயனாக 1962இல் தேசியத் திட்டம் தொடங்கிற்று. கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்கிற்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கு அயோடின் என்றது அயோடினையே. ஆனால் உப்பில் தெளிப்பது கருநீல நிறத்துத் தனிம அயோடின் அன்று. ஈரக்காற்றிலும் வெயிலிலும் எளிதிற் சிதையாத பொட்டாசியம் அயோடேட்டு. அதில் அயோடின் நூற்றுக்கு 59 பங்கு. ஒரு டன் உப்பில் 30 கிராம் அயோடின் சேர வேண்டுமாயின் உப்பளத்தில் 50 கிராமுக்குச் சற்று மேல் அயோடேட்டு நிறுக்க வேண்டும். 30 கிராம் அயோடேட்டை நிறுத்துக் கலந்தவர் பதினெட்டுக்கும் குறைவாகவே அயோடினைக் கலந்தவராவார். சாக்கிலும் ரயில் வண்டியிலும் கடைத் திண்ணையிலும் இழப்பது போக அவ்வுப்பு பதினைந்தைத் தாங்கி வீடுசேர்வது அரிது. தராசு மாட்டியிருக்கும் சுவரில், அயோடினுக்கு ஒரு வரியும் அயோடேட்டுக்கு ஒரு வரியுமாக இரண்டு எண்களை அவ்வூர் மொழியில் எழுதித் தொங்கவிட்டால், நிறுப்பவர் எவராயினும் தவறமாட்டார்.